மூன்றாம் தரம் கேட்டது

அன்று மத்தியானம் அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். மேல்வீட்டுப் பேமா. அவளுடைய புருஷன் கின்லே. ஒரு வயதான லாமா. என் மனைவியின் தம்பி சூசை. வேறு ஒருவரும் இல்லை. வாசல் கதவு பூட்டியிருந்தது.

பேய், ஆவி என்று நான் எதையும் நம்பினவன் அல்ல. ஞாயிறு பூசைக்குப் போவேன், வருவேன், அதற்கு மேல் யோசிக்க மாட்டேன். இளவயதில் மன்னாரில் சேமக்காலைக்குள்ளால், கல்லறைகளுக்கு நடுவால், தனியாக நடந்து போனவன். ஒன்றும் வந்து மறித்ததில்லை. ஆகையால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு ஒருவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

எழுதிப் பழக்கமும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். மொன்றியலுக்கு வந்த நாளில் இருந்து ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறேன். வில்லரேயில், மெட்ரோவுக்குக் கிட்ட, கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். என் மனைவி திரேசா நாலு வருடத்துக்கு முன் செத்துப்போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் சாப்பிடுவது சிங்குக்குப் பக்கத்தில் நின்றபடிதான். ஒரு ஆளுக்கு மேசை எதற்கு. சூசை லவாலில் இருந்து கிழமைக்கு ஒருக்கால் கறி கொண்டுவந்து தருவான்.

மேல்வீட்டுக்குப் பூட்டானில் இருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். குப்பை எந்த நாள் எடுப்பார்கள் என்று கேட்க அந்தப் பெண் இறங்கி வந்தாள். எனக்கு வரும் பிரெஞ்சு, சமையல்காரரிடம் பொறுக்கின குசினிப் பிரெஞ்சு. இங்கிலீஷ் அதைவிட மோசம். கையைக் காலைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் சுவரில் தொங்கின தமிழ்க் கலண்டரைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க தமிழுங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று. முகம் மலைநாட்டு முகம், குரல் கோயம்புத்தூர்க் குரல். அங்கே ஒரு காலேஜில் மூன்று வருடம் படித்தாளாம். அவர்கள் நாட்டில் இருந்து நிறையப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்களாம். பெயர் பேமா. இங்கே ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. கின்லே லொறி ஓடுகிறான், அவனுக்குத் தமிழ் தெரியாது, பார்த்தால் சிரிப்பான். கொஞ்ச நாளில் பேமா என்னிடம் இருந்து, ஆமாவுக்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அதைத் தன் பேச்சோடு ஒட்டி "ஓமுங்கண்ணா" என்பாள். சூசை அதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் என்னை ஓமுங்கத்தான் என்று கூப்பிட்டான்.

அவர்கள் வீட்டில் முன்னறையில் ஒரு பீடம் இருந்தது. காலையில் ஏழு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார்கள். பொழுது படுமுன் அதை ஊற்றித் துடைத்துக் கவிழ்த்துவிடுவார்கள். ஒரு நாளும் தவறாது. மிளகாயை நாங்கள் கறிக்குப் போடுகிறோம், அவர்களுக்கு மிளகாய்தான் கறி. சீஸ் போட்டு அவித்து வைப்பார்கள். தான் யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளில் வளர்ந்தவன் என்று சூசை ஒரு கோப்பை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு வெளியே போய்ப் பனியை அள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பீடத்தில் ஒரு மரக் கோப்பை இருந்தது. சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கும். அது பேமாவின் தம்பி உக்யெனுடையது. ஒன்பது வயதில் அவனை மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுப்பது பெருமையாம். விடியமுன் எழும்பி வரிசையாக இருந்து உடம்பை ஆட்டி ஆட்டிப் பாடம் சொல்ல வேண்டும். பெரிய கேத்தலில் உப்பும் வெண்ணெயும் போட்ட தேத்தண்ணீர் வரும். ஒவ்வொரு துறவியும் தன் கோப்பையைத் தன் உடுப்பு மடிப்புக்குள்ளேயே வைத்திருப்பானாம். சாகும்வரை அது ஒன்றுதான்.

பேமா கனடாவுக்கு வெளிக்கிட்டபோது அவன் அந்தக் கோப்பையைத் துடைத்து அவள் கையில் கொடுத்திருக்கிறான். வைத்திரு, உன் வீட்டுக்கு வந்து இதில் குடிக்கிறேன் என்று.

அவன் வருவதாகத்தான் இருந்தது. இங்கே ஒரு புத்த கோயில்காரர் கூப்பிட்டு, விசாவும் கிடைத்துவிட்டது. பனி கரைய வருவான். பேமா அடுத்த குளிருக்கென்று அவனுக்குப் பனிச் சப்பாத்து வாங்கிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலறையில், விலைச்சீட்டுக் கிழிக்காமல், அது நின்றது. நான் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போவேன்.

தை மாதம் பேமா படியில் நின்று, தம்பி செத்துப்போனான் என்று சொன்னாள். காய்ச்சலாம். மடத்துக்கு ஏறும் பாதை பனியில் மூடிவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கு இறக்க முடியவில்லையாம். முகம் காய்ந்துபோய் இருந்தது.

"அழக் கூடாதுங்கண்ணா. நான் அழுதா, அவன் போற வழியில அது கல்மழையா விழும்."

அவர்கள் வழக்கத்தை அப்போதுதான் சொன்னாள். செத்தவருக்குத் தான் செத்தது தெரியாதாம். நாற்பத்தொன்பது நாள் சொந்தக்காரரைத் தேடித் திரிவாராம். வீட்டுக்கு வந்து தன் இடத்தில் இருப்பாராம். ஒருவரும் தன்னோடு கதைக்கவில்லையே என்று கவலைப்படுவாராம். ஆனபடியால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அவருக்கும் ஒரு இடம் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்ல வேண்டும். நாற்பத்தொன்பது முடிந்தால் அவர் வேறு பிறப்புக்குப் போய்விடுவார். பிறகு கூப்பிட்டும் பிரயோசனம் இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்கண்ணா. எனக்குன்னு வீடு வந்தப்புறம் ஒரு வேள கூட அவன் என் கையால சாப்பிட்டதில்ல. போறதுக்குள்ள ஒரு தடவ சாப்பிட்டுப் போகணும்."

அன்றில் இருந்து அந்த மரக் கோப்பையை நிரப்பி வைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கின்லே அதையும் சோற்றையும் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் உள்ள லேனில், பனிக்கு மேல் கொட்டுவான். அணில்கள் வரும். நான் குசினி யன்னலால் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் கோப்பை நிறையத்தான் போகும். சிந்தாமல் மெதுவாகப் பிடித்துக்கொண்டு போவான், அதிலேயே தெரியும். பாவம், மனதுக்கு ஒரு ஆறுதல் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை. திங்களில் ரெஸ்டோரண்ட் பூட்டு, நான் வீட்டில். வெளியே மைனஸ் இருபத்தேழு. பின்னேரம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில், வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாத வெயில். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலறையில் ஆள் நிற்பது போல இருந்தது. மணி அடிக்கவில்லை. போய்த் திறந்தேன்.

ஒரு துறவி நின்றார். கடும் சிவப்பு உடுப்பு, ஒரு கை வெளியே. கோட் இல்லை. காலில் றப்பர் செருப்பு. அந்தப் புதுச் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல்வீட்டுக்கு வந்த கோயில்காரர் என்று நினைத்தேன். வேறு எதை நினைப்பது. அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், ஆறு மணியாகும் என்று மணிக்கூட்டைக் காட்டிச் சொன்னேன். உள்ளே வந்து இருங்கோ, தேத்தண்ணீர் குடியுங்கோ என்று கையால் காட்டிக் கேட்டேன். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்து, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

எனக்குக் கதை குறைவு. நான் ஒரு தரம் கேட்கிறவன். அவர் செருப்போடு நின்றபடியால் இன்னொரு தரம் கேட்டேன். குடியுங்கோ, குளிர். அதே போல வாயைப் பொத்தினார், தலையை ஆட்டினார். ஆனால் போகவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றார். சிலருக்கு வேறு வீட்டில் குடிக்கப் பிடிக்காது. உள்ளே கேத்தல் கத்தியது. வந்து அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனேன். ஆள் இல்லை.

கதவைச் சாத்தி, தேத்தண்ணீரை ஊற்றி, பாதி குடித்த பிறகுதான் ஒரு விஷயம் பட்டது. இந்த ஊரில் தை மாசியில் கதவைத் திறந்தால் குளிர் முழங்காலில் அடிக்கும். வாசலறைக்கு ஹீட்டர் இல்லை. வெளியில் இருந்து ஒருவர் வந்து நின்றால் அவரோடு ஒரு மூட்டை குளிர் வரும். அன்றைக்கு நான் பெனியனோடு நின்று கதைத்தேன். குளிர் வரவே இல்லை.

ஆறு மணிக்குப் பேமா வந்தாள். உங்கள் ஆட்கள் ஒருவர் வந்து போனார் என்று சொன்னேன். யார் என்றாள். தெரியாது, துறவி, தேத்தண்ணீர் கேட்டேன், வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"எத்தன தடவ கேட்டீங்கண்ணா?"

"ரெண்டு தரம்."

அவள் சப்பாத்தைக் கழற்றாமலே படியில் இருந்துவிட்டாள். பனி உருகி அவள் காலைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. நான் துடைக்கத் துணி எடுத்து வந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் நிலத்தைத் துடைக்கத் துடைக்கச் சொன்னாள். அவர்கள் நாட்டில் ஒன்றைக் கொடுத்தால் உடனே வாங்குவது மரியாதை இல்லையாம். வாயைப் பொத்தி இரண்டு தரம் மறுக்க வேண்டும். கொடுக்கிறவர் விடாமல் மூன்றாம் தரம் கேட்க வேண்டும். அப்போது வாங்கிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

"கோயம்புத்தூர் போன புதுசுல நான் இதனாலயே பட்டினி கெடந்தேன். ஹாஸ்டல்ல ரெண்டு தடவ கேட்டுட்டு எடுத்து வெச்சிருவாங்க." சிரிக்கத்தான் பார்த்தாள். "மூணாவது தடவ கேட்டிருந்தா குடிச்சிருப்பான்."

பிறகு போனில் தம்பியின் படத்தைக் காட்டினாள். நான் பார்த்தேன். வந்தவர் வாயைப் பொத்தியிருந்தார், நான் கண்டது கண்ணையும் நெற்றியையும் மட்டும். ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. மேலே ஏறிப் போனாள்.

அதன் பிறகு வந்த திங்கட்கிழமைகளில் நான் கதவைத் திறாங்கு போட்டுப் பூட்டாமல் வைத்தேன். மூன்று மணிக்குக் கேத்தலை வைத்தேன். ஏன் என்று என்னைக் கேட்க வேண்டாம். நம்பி அல்ல. வந்தால் கேட்கலாம் என்று. ஒருவரும் வரவில்லை. வாசலறையில் சப்பாத்து மட்டும் நின்றது. அந்த நேரத்தில் திரேசாவை நினைப்பேன். அவள் ஒரு நாளும் கேட்டவள் அல்ல. நான் வேண்டாம் என்பேன், அவள் போட்டுவிடுவாள். கேட்டுக் கொடுக்க நான் பழகாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பேமா மெலிந்துகொண்டு போனாள். நாளும் குறைந்துகொண்டு போனது. படியில் கண்டால், "வந்தானுங்களா?" என்று கேட்பாள், தபால் வந்ததா என்று கேட்பது போல. நான் தலையை ஆட்டுவேன்.

நாற்பத்தொன்பதாம் நாளும் ஒரு திங்கட்கிழமையாக வந்தது. என்னை வரச் சொன்னாள். சூசை கறியோடு வந்து அகப்பட்டுக்கொண்டான், அவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"சுவாமியாருக்குத் தெரிஞ்சா பூசையில நன்மை தரமாட்டார், அத்தான்," என்றான் படியில்.

"நீ வாங்கிற நன்மைக்கு இது ஒண்டுதான் குறை. பேசாமல் வா."

லாமா சின்ன மனிதர். தடித்த கண்ணாடி. புத்தகத்தை மடியில் வைத்துப் பதிந்த குரலில் நெடுநேரம் வாசித்தார். இடைக்கிடை மணி ஆட்டினார். வெண்ணெய் விளக்கு எரிந்தது. பிறகு சாப்பாடு வைத்தார்கள். சிவப்பு அரிசிச் சோறு, மிளகாய்க் கறி. எங்கள் ஐந்து பேருக்கும் வெள்ளைக் கோப்பையில் தேத்தண்ணீர். வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு தட்டு, பக்கத்தில் மரக் கோப்பை. பேமாவே அதை விளிம்பு வரை ஊற்றினாள். தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கின்லே கூப்பிட்டான். பிறகு எல்லோரும் சாப்பிடத் தொடங்க வேண்டும். லாமா கையைக் காட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்து எதையோ சொன்னார்.

பேமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"உங்களக் கேக்கச் சொல்றாருங்கண்ணா. அவன் வந்தது உங்க வாசலுக்கு. ரெண்டு தடவ கேட்டது நீங்க. மூணாவதும் நீங்கதான் கேக்கணுமாம்."

சூசை என் முழங்காலில் தட்டினான். நான் அவனைப் பார்க்கவில்லை. வெறும் இடத்தைப் பார்த்துக் கதைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"தம்பி, அண்டைக்கு எனக்குத் தெரியேல்லை. குடியுங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு ஆடவில்லை. காற்று அடிக்கவில்லை. அப்படி ஏதும் நடந்தது என்று நான் சொன்னால் அது பொய். எல்லோரும் சாப்பிட்டோம். தேத்தண்ணீர் உப்பாக இருந்தது. சூசையின் முகத்தைப் பார்த்து லாமா சிரித்தார், அவனும் விடாமல் அடிவரை குடித்து முடித்தான். கின்லே தம்பியின் தட்டை எடுத்துக்கொண்டு பின்படியால் கீழே போனான். கோப்பையை இரண்டாவதாகக் கொண்டுபோவது வழக்கம், அது மேசையிலேயே இருந்தது. பேமா கையைப் பிசைந்துகொண்டு யன்னலைப் பார்த்தாள். வெளியே வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் போனால் நாற்பத்தொன்பதும் முடிந்துவிடும்.

நான் எழும்பிக் கோப்பைகளைச் சேர்த்தேன். பேமா வேண்டாம் என்றாள். அழுக்குக் கோப்பை இருக்கும் வீட்டில் எனக்குச் சும்மா இருக்க வராது. வெள்ளைக் கோப்பைகளைச் சிங்கில் வைத்துவிட்டு மரக் கோப்பையை எடுக்கப் போனேன். நிறைந்த கோப்பையை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுத்தேன். கை மேலே போய்விட்டது. பாரம் இல்லை.

வெண்ணெய்த் தேத்தண்ணீரை ஊற்றிக் கொட்டினால் கோப்பையில் ஒரே படலமாக நெய் பிடிக்கும். ஒருவர் குடித்தால் அப்படி இராது. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையம் விழும், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. வாய் வைத்த பக்கம் மட்டும் துடைத்தது போல இருக்கும். மற்ற ஐந்திலும் அப்படித்தான் இருந்தது. இதிலும் அப்படித்தான் இருந்தது. அடியில் ஒரு சொட்டும் இல்லை. மேசை காய்ந்து கிடந்தது.

இதை யார் எடுத்தது என்று கேட்டேன். பேமா லாமாவிடம் கேட்டாள், இல்லை. கின்லே திரும்பி வந்தான், அவன் தொடவே இல்லை. சூசை இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"மரம் குடிச்சிருக்கும், அத்தான்," என்றான். சொன்னானே தவிர கிட்ட வரவில்லை.

பேமா அதை என்னிடம் இருந்து வாங்கினாள். வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்த்தாள். அவர்கள் வீட்டில் குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். இருக்கப்போகிறவர் கொஞ்சம் மிச்சம் விடுவாராம்.

"கெளம்பறவங்கதான் அடிவரைக்கும் குடிப்பாங்க," என்றாள்.

பிறகு அழுதாள். அந்த நாற்பத்தொன்பது நாளில் அதுதான் முதல் தரம். கல்மழை விழும் என்று யாரும் சொல்லவில்லை. லாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பையை அவள் கழுவ விடவில்லை. நான் மற்ற ஐந்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

அந்தக் கோடையில் அவர்கள் லவாலுக்குப் போய்விட்டார்கள். சப்பாத்தை எங்கள் கோயிலின் கீழறையில், ஏழைகளுக்கு உடுப்புக் கொடுக்கும் இடத்தில், நான்தான் கொண்டுபோய் வைத்தேன். சூசை இன்றைக்கும் மரம்தான் குடித்தது என்கிறான். அதற்கு முன் எல்லா நாளும் குடிக்காத மரம் அன்றைக்கு மட்டும் ஏன் குடித்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவான். ஆனால் அவன் வீட்டுக்குப் போனால் சோறு போட முன் மூன்று தரம் கேட்கிறான். பகிடிக்காம்.

எனக்கு விளக்கம் தெரியாது. ஒன்று மட்டும் விடவில்லை. குளிர் நாளில் கதவைத் திறக்கும்போதெல்லாம் முழங்காலில் குளிர் அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அடிக்கிறது.

திங்கட்கிழமைகளில் மூன்று மணிக்கு இப்போது மேசையில் இருந்துதான் தேத்தண்ணீர் குடிக்கிறேன். இரண்டு ஊற்றுகிறேன். ஒன்றை எதிர்க் கதிரைக்கு முன் வைக்கிறேன். அவளுக்கு நாற்பத்தொன்பது எப்போதோ முடிந்துவிட்டது, அது எனக்குத் தெரியும். எங்கள் வேதத்தில் அப்படி ஒரு வழக்கமும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். திரேசா, குடியும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். பேந்து இன்னொரு தரம். தேத்தண்ணீரில் ஆடை பிடிக்கும்வரை இருக்கிறேன். பிறகு எழும்பிப் போய் இரண்டையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறேன்.

குடித்த கோப்பை, ஒன்று. என்னுடையது.